டிவிஆரை மாற்றுவதா, இருப்பதைச் சரிசெய்வதா: எட்டு கேமரா கிடங்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்கு ஒன்று. எட்டு அனலாக் கேமரா, அவற்றின் படத்தைப் பதியும் எட்டு சேனல் டிவிஆர், அதற்குள் 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஏற்றுமிடத்திலிருந்து பெட்டிகள் காணாமல் போகின்றன. ஃபுட்டேஜை ஓட்டிப் பார்த்தால் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது தெரிகிறது. உயரம், சட்டையின் நிறம் எல்லாம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைகிறது. புது எச்டி டிவிஆர் வாங்கிவிடலாமா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

இந்தக் கிடங்கு ஒரு மாதிரி. பழைய நிறுவல்களில் அடிக்கடி எதிர்ப்படும் குறைகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்டது. கணக்கு போடும் முறை எந்த நிறுவலுக்கும் பொருந்தும். அகலம், உயரம், கேபிள் நீளம் ஆகியவற்றை மட்டும் அவரவர் இடத்தில் டேப் பிடித்து அளந்துகொள்ள வேண்டும்.

முன்வைக்கப்பட்ட யோசனைகள் மூன்று. முதலாவது, கேமராக்களைத் தொடாமல் டிவிஆரை மட்டும் மாற்றுவது. இரண்டாவது, டிவிஆரோடு எட்டு கேமராக்களையும் 5 மெகாபிக்சலுக்கு மாற்றுவது. மூன்றாவது, இப்போது ஓடும் கோஆக்சியல் கேபிளையே கழற்றிவிட்டு, நெட்வொர்க் வழியே படம் அனுப்பும் ஐபி கேமரா, அதைப் பதியும் என்விஆர் என்று புதிதாகப் போடுவது. மூன்றில் எதுவும் இந்த இடத்துக்கு அப்படியே சரிவரவில்லை.

லைவில் தெளிவு, பிளேபேக்கில் மங்கல்

எதையும் வாங்குமுன் பழைய டிவிஆரின் மெனுவைத் திறக்க வேண்டும். லைவ் படம் ஓரளவு நன்றாக இருந்து, அதே கேமராவின் பிளேபேக் மட்டும் மங்கலாக இருந்தால் கேமராவையும் கேபிளையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. லைவ் படம் கேமராவிலிருந்து வந்த நிலையிலேயே திரைக்குப் போகிறது. பிளேபேக்கில் வருவது டிவிஆர் சுருக்கி டிஸ்கில் எழுதியதன் மறுவிரிப்பு. எழுதும்போது தொலைந்த விவரம் பிறகு எந்த மென்பொருளாலும் திரும்பாது.

இந்த டிவிஆரின் ரெக்கார்டிங் பக்கத்தில் 1-ஆம் சேனல் மட்டும் 960எச் அளவில் இருந்தது, அதாவது 960×576. மற்ற ஏழும் சிஐஎஃப், 352×288, நொடிக்கு 25 ஃபிரேம். சிஐஎஃப் படத்தில் மொத்தம் 1,01,376 பிக்சல், 960எச்-இல் 5,52,960. ஏற்றுமிடத்துக் கேமரா அனுப்பிய படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் டிஸ்குக்குப் போயிருக்கிறது.

இப்படி அமைவதற்குக் காரணம் உண்டு. டிவிஆரின் சிப்பால் நொடிக்கு இத்தனை பிக்சல்தான் சுருக்க முடியும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. 25 ஃபிரேம் வேண்டும் என்று வைத்தால் படத்தின் அளவைக் குறைத்தாக வேண்டும். நிறுவியவர் படம் வெட்டி வெட்டி ஓடக்கூடாது என்று 25-ஐத் தேர்ந்தெடுத்திருப்பார். கண்காணிப்புக்கு அந்த முன்னுரிமை தலைகீழ். நடந்து போகும் மனிதரைப் பதிய நொடிக்கு 12 ஃபிரேம் தாராளம். இங்கே ஃபிரேமை 12-க்கு இறக்கியதும் எட்டு சேனலையும் 960எச்-இல் வைக்க டிவிஆர் இடம்கொடுத்தது.

இதற்கு விலை, டிஸ்கில் நிற்கும் நாட்கள். 1 எம்பிபிஎஸ் (நொடிக்குப் பத்து லட்சம் பிட்) ஓட்டம் 24 மணி நேரத்தில் 10.8 ஜிபி எழுதும். எல்லாச் சேமிப்புக் கணக்குக்கும் இந்த ஒரு எண் போதும். முன்பு ஏழு சேனல் 512 கேபிபிஎஸ், ஒரு சேனல் 1.5 எம்பிபிஎஸ், மொத்தம் ஏறத்தாழ 5.1 எம்பிபிஎஸ், நாளுக்கு 55 ஜிபி. 1 டிபி டிஸ்க் 18 நாள் தாங்கியது. இப்போது எட்டு சேனலும் 1 எம்பிபிஎஸ், நாளுக்கு 86.4 ஜிபி, 11 நாள் சொச்சம். ஆள் நடமாட்டமே இல்லாத சேனல்களை மோஷன் ரெக்கார்டிங்கில், அதாவது அசைவு தெரிந்தால் மட்டும் பதியும் முறையில், வைத்தால் சில நாட்கள் மீளும். அப்படி வைக்கும்போது, அசைவுக்கு முந்தைய நொடிகளையும் சேர்த்துப் பதியும் ப்ரீ-ரெக்கார்ட் 5 முதல் 10 நொடி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆள் கதவைத் தாண்டிய பிறகுதான் பதிவு தொடங்கும்.

காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, அதன்பின் எந்தக் கேமராவில் குறை மிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் சரியான வரிசை.

டேப் பிடித்து அளப்பது

தெளிவு போதுமா என்பதைக் கண்ணால் முடிவு செய்தால் விவாதம் ஓயாது. 2014-இல் வந்த ஐஇசி 62676-4 தரநிலை இதற்கு அளவுகோல் தந்தது: ஆள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கிடைமட்டமாக எத்தனை பிக்சல் விழுகிறது என்பது. ஏதோ ஓர் உருவம் இருக்கிறது என்று அறிய 25. ஆளின் உடை, செய்கை போன்றவற்றைக் கவனிக்க 62. முன்பே அறிந்தவர் என்றால் இன்னார் என்று கண்டுகொள்ள 125. முன்பின் அறியாதவரை ஐயமற அடையாளம் காட்ட 250.

அளப்பது எளிது. லைவ் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, ஆள் வழக்கமாக நிற்கும் தூரத்தில் ஒருவரை நிறுத்தி, படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நகரச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு இடங்களையும் சாக்பீஸால் குறித்து இடைவெளியை அளந்தால் காட்சியின் அகலம். பதிவின் கிடைமட்ட பிக்சலை அந்த அகலத்தால் வகுத்தால் விடை. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், சென்சார் எவ்வளவு பெரியது என்ற கவலையே வேண்டாம்.

உள் கதவுக் கேமரா: அகலம் 3.2 மீட்டர். சிஐஎஃப்-இல் 110, 960எச்-இல் 300. பில் போடும் மேசை: 2.5 மீட்டர், 960எச்-இல் 384. இரண்டிலும் பழைய கேமராவே 250-ஐத் தாண்டுகிறது. அனலாக் கேமராவின் உண்மையான தெளிவு பிக்சல் எண்ணிக்கை சொல்வதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதைக் கழித்தாலும் இங்கே கைக்கு மிஞ்சி இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே பார்க்கும் இரண்டு கேமராக்களில் அகலம் 6 மீட்டர், 160. அங்கே வேலை செய்வோர் அறிந்தவர்களே என்பதால் 125 போதும். அலுவலக நடைவழியும் அப்படித்தான். பின்சுவர்: 12 மீட்டர், 80. யாராவது ஏறிக் குதித்தார்களா என்பதுதான் அங்கே கேள்வி, 25 போதும்.

மிஞ்சியவை இரண்டு. ஏற்றுமிடம் 7 மீட்டர் அகலம்: சிஐஎஃப்-இல் 50 இருந்தது, 960எச்-இல் 137 ஆகிறது. வெளியாட்கள் வந்து போகும் இடம் என்பதால் 250 வேண்டும். வாசல் கேட்: 8 மீட்டர், 960எச்-இல் 120. இதற்கும் 250 வேண்டும்.

எட்டில் ஆறு கேமராக்களின் குறை செட்டிங்கில் தீர்ந்தது. ஆக, எச்டி தேவைப்படுவது இரண்டே இடங்களுக்கு. ஆனால் பழைய டிவிஆர் பழைய அனலாக் சிக்னலை மட்டுமே ஏற்கும். எச்டி கேமராவை அதில் மாட்டினால் படமே வராது, அல்லது கேமராவைப் பழைய முறைக்கு மாற்றி 960எச்-ஆகவே பார்க்க வேண்டியிருக்கும். அதனால் டிவிஆரை மாற்றத்தான் வேண்டும். மாற்றக் காரணம் அந்த இரண்டு கேமராக்கள் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும். டிவிஆரை மட்டும் மாற்றும் முதல் யோசனை இங்கேயே விழுந்துவிடுகிறது: 960 பிக்சல் அனுப்பும் கேமராவை எந்த டிவிஆரில் மாட்டினாலும் 960தான் பதிவாகும்.

அட்டைப்பெட்டியில் 1080, டிஸ்கில் 960

இந்த ஆய்வில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

முழு 1080பி என்பது 1920×1080. குறைந்த விலை டிவிஆர்களில் 1080என் அல்லது 1080பி லைட் என்று ஓர் அளவு உண்டு. அது 960×1080. உயரம் முழுசாக இருக்கும். அகலத்தில் பாதியை விட்டுவிட்டு, திரையில் காட்டும்போது இழுத்து நிரப்பும். ஏற்றுமிடத்தின் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள்: 960-ஐ 7-ஆல் வகுத்தால் 137. பழைய டிவிஆரில் இருந்த அதே எண். புது டிவிஆரும் புது கேமராவும் வாங்கிய பிறகும் கிடைமட்டத்தில் ஒரு பிக்சல்கூடக் கூடவில்லை. செங்குத்தில் 576-இலிருந்து 1080 ஆவதால் படம் பார்க்கச் சற்றுத் தெளிவாகத் தோன்றும், அதுவே ஏமாற்றமும் தரும். முழு 1080பி-இல் அதே இடம் 274.

விவரத்தாளில் மூன்று வெவ்வேறு எண்கள் பக்கம் பக்கமாக இருக்கும். வீடியோ இன்புட் 5 மெகாபிக்சல் என்றால், அந்தக் கேமராவின் சிக்னலை ஏற்கும் என்று மட்டுமே பொருள். எச்டிஎம்ஐ அவுட்புட் 1080பி அல்லது 4கே என்பது திரைக்குப் போகும் அளவு. பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிஸ்கில் என்ன எழுதப்படும் என்பதைச் சொல்வது என்கோடிங் அல்லது ரெக்கார்டிங் என்ற வரி ஒன்றே. அந்த வரியில் ஒவ்வொரு சேனலுக்கும் முழு 1080பி, நொடிக்குக் குறைந்தது 12 அல்லது 15 ஃபிரேம் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சேனலுக்கு மட்டும் 1080பி என்று சிறு எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. சில டிவிஆர்களில் லைட் முறை வாங்கும்போதே ஆன் ஆகியிருக்கும். மெனுவில் அதை ஆஃப் செய்தால் டிவிஆர் ரீஸ்டார்ட் ஆகி, 25 ஃபிரேமுக்குப் பதில் 12 அல்லது 15 ஃபிரேமில் முழு 1080பி தரும். அந்தப் பேரத்தைத் தயங்காமல் ஏற்கலாம்.

5 மெகாபிக்சலுக்குப் போகலாமே என்ற இரண்டாவது யோசனைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 2592 பிக்சலை 7-ஆல் வகுத்தால் 370. எண் பெரிதுதான்; ஆனால் 250 போதும் என்ற இடத்தில் 274 கிடைத்துவிட்டது. ஏறக்குறைய அதே அளவு சென்சாரில் இரண்டரை மடங்கு பிக்சலை அடைத்தால் ஒவ்வொரு பிக்சலும் சிறுத்து, வாங்கும் வெளிச்சம் குறையும். இந்தக் கிடங்கின் திருட்டு இரவில் நடக்கிறது. மற்ற ஆறு இடங்களுக்கு 5 மெகாபிக்சல் கேட்பதில் பொருளே இல்லை.

ஐபி பற்றிய மூன்றாவது யோசனையை மட்டமாகச் சொல்ல எதுவுமில்லை. கேபிளே போடாத புதுக் கட்டடமாக இருந்தால் அதையே பரிந்துரைக்கலாம். இங்கே எட்டு கோஆக்சியல் கேபிளும் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு கேமராவுக்காக எட்டு நெட்வொர்க் கேபிள் இழுத்து, அந்தக் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச் வைத்து, 100 மீட்டர் வரம்பையும் கவனித்துக்கொள்வது தேவையற்ற வேலை. கலப்பு வகை டிவிஆர் எடுத்தால் டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்ற மூன்று அனலாக் எச்டி முறைகள், பழைய அனலாக் ஆகிய நான்கையும் ஒரே பெட்டி ஏற்கும். பின்னால் ஒன்றிரண்டு ஐபி கேமராவும் சேர்க்க இடமிருக்கும்.

கேபிளும் கரண்டும்

பழைய அனலாக் சிக்னல் 6 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். 1080பி அனலாக் எச்டி அதைப்போலப் பல மடங்கு அதிர்வெண்ணில் ஓடுகிறது. அதிர்வெண் ஏற ஏறக் கேபிளில் இழப்பும் ஏறும். அதனால் பழைய கேமராவுக்கு நன்றாக வேலை செய்த கேபிள் எச்டிக்கும் செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. நல்ல செம்பு ஆர்ஜி59 கேபிளில் 1080பி 300 மீட்டர் வரை போகும் என்பது பொதுவான கணக்கு. வெளிப்பக்கக் கம்பிப் பின்னல் மெலிந்த, உள்கம்பி வெறும் செம்புப் பூச்சாக இருக்கும் கேபிளில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

சோதிப்பதற்கு ஒரு எச்டி கேமராவையும், எச்டி ஏற்கும் சிசிடிவி டெஸ்டரையும் இரவல் வாங்கினால் போதும். இருப்பதிலேயே நீளமான கேபிளின் ஒரு முனையில் கேமரா, மறுமுனையில் டெஸ்டர். கேபிள் போதவில்லை என்றால் முதலில் போவது நிறம். இந்த முறைகளில் நிறச் சிக்னல் உயர் அதிர்வெண்ணில் ஏறி வருவதால், படம் கூர்மையாக இருந்தும் வெளிறிப்போகும் அல்லது கறுப்பு வெள்ளையாகும். பொருளின் வலது ஓரத்தில் நிழல்போல இரட்டைக் கோடு தெரிந்தால், நடுவில் எங்கோ கம்பியை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு இரண்டு முனைக்கும் பிஎன்சி கனெக்டர் போட்டு இணைக்க வேண்டும். திருகு வைத்த பிஎன்சி பின்களைவிட கிரிம்ப் பின் நம்பகமானது. பின்னலின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் போய்விடும். கோஆக்சியலுக்குப் பதில் முறுக்கு ஜோடிக் கேபிளில், சிக்னலை மாற்றித் தரும் பாலன் (balun) என்ற சிறு இணைப்பான் வைத்து ஓட்டியிருந்தால், பழைய பாலன்களைக் கழற்றிவிட்டு எச்டிக்கென்று உள்ளவற்றைப் போட வேண்டும்.

படம் கெடுவதைவிட அதிகம் தொல்லை தருவது கரண்ட். கேட் கேமரா டிவிஆரிலிருந்து 60 மீட்டர். அதே கேபிளில் ஓடும் மெல்லிய 0.2 சதுர மில்லிமீட்டர் ஜோடியில்தான் 12 வோல்ட் போகிறது. போக வர 120 மீட்டர் செம்பு, தடை 10.5 ஓம். புது கேமராவின் ஐஆர் (இருட்டில் எரியும் அகச்சிவப்பு விளக்கு) எரியும்போது 0.4 ஆம்பியர் இழுத்தால் 4.2 வோல்ட் வழியிலேயே கரைந்து, கேமராவுக்கு 7.8 வோல்ட்தான் சேரும். பகலில் ஐஆர் அணைந்திருப்பதால் எல்லாம் சரியாகத் தெரியும். இருட்டியதும் ஐஆர் எரியும், வோல்டேஜ் இறங்கும், கேமரா அணையும்; அணைந்ததால் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும், கேமரா மறுபடி எழும். இரவு முழுவதும் இப்படியே போய் வந்துகொண்டிருக்கும். கேமரா பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் இந்த வகைப் பழுதில்லாக் கேமராக்கள் நிறைய. 0.75 சதுர மில்லிமீட்டர் ஜோடி ஒன்றைத் தனியாக இழுத்தால் தடை 2.8 ஓம், இழப்பு 1.1 வோல்ட், கேமராவுக்கு 10.9 வோல்ட். அளக்கும்போது மீட்டரைக் கேமரா முனையில், கேமரா மாட்டிய நிலையில், லென்ஸ் பக்கத்தைத் துணியால் மூடி ஐஆரை எரியவிட்டு அளக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் எந்தக் கேபிளும் 12 வோல்ட்தான் காட்டும்.

பிக்சலால் தீராத இரவு

ஏற்றுமிடத்தில் 274 கிடைத்துவிட்டது என்றால் முகம் தெரிந்துவிடுமா? நின்றுகொண்டிருப்பவர் முகம் தெரியும். நடப்பவர் கதை வேறு. இருட்டில் கேமரா ஷட்டரை நொடியில் 25-இல் ஒரு பங்கு வரை திறந்து வைத்துக்கொள்ளும். சாதாரணமாக நடக்கும் ஒருவர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் போகிறார். அந்த ஒரு ஃபிரேமுக்குள் 5.6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 274 பிக்சல் கணக்கில் அது 15 பிக்சல் இழுவை. 16 சென்டிமீட்டர் முகத்தின் மொத்த அகலமே 44 பிக்சல்தான். கண்ணும் மூக்கும் ஒன்றாகக் கரைந்துவிடும். ஷட்டரை 100-இல் ஒரு பங்காக வைத்தால் இழுவை 4 பிக்சலாகும், முகம் நிற்கும். ஆனால் கேமராவுக்குள் போகும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

அதை ஈடுகட்ட 30 வாட் எல்இடி ஃப்ளட் லைட் ஒன்று ஏற்றுமிடத்துக்குப் போடப்பட்டது. ஆள் வரும் திசையைப் பார்த்து, கேமராவின் காட்சிக்குள் விளக்கு வராதபடி. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 100-இல் ஒரு பங்கு ஷட்டர் விளக்கின் மினுக்கலையும் தவிர்க்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 120-இல் ஒரு பங்கு. இந்த நிறுவலில் முகம் தெரிவதற்கு டிவிஆர் செய்ததைவிட அந்த விளக்கு செய்தது அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

கேமராவின் உயரமும் அதே அளவு முக்கியம். பழைய கேமரா 4.2 மீட்டரில் இருந்தது. 5 மீட்டர் தள்ளி நிற்பவரின் முகத்தை 27 டிகிரி சாய்வில் பார்க்கிறது. தொப்பி போட்டிருந்தால் மூக்குநுனிதான் தெரியும். 2.8 மீட்டருக்கு இறக்கினால் சாய்வு 13.5 டிகிரி. கைக்கு எட்டும் உயரத்தை நெருங்குவதால் கம்பிக்கூடு போட்டாக வேண்டும்.

கேட்டில் வேறு வழி. அங்கே 3.6 மில்லிமீட்டர் லென்ஸ் தேவையில்லாத சுவரையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. 6 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த 1080பி கேமரா போட்டால் அகலம் 8-இலிருந்து 4.8 மீட்டராகச் சுருங்கி, 400 பிக்சல் கிடைக்கிறது. வண்டி எண்ணையும் இதே கேமரா இரவில் படிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஹெட்லைட் வெளிச்சத்தில் படம் வெளுத்துவிடும். மிக வேகமான ஷட்டரும் தனி ஐஆரும் கொண்ட கேமராவின் வேலை அது.

பழைய பெட்டியின் வேறு சுமைகள்

படத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பழைய டிவிஆரை இணையத்தில் இணைத்து வைத்திருப்பது நல்லதல்ல. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும்தான் பெருமளவில் பிடித்துக்கொண்டது. அக்காலத்து டிவிஆர்கள் பலவற்றுக்கு இப்போது ஃபெர்ம்வேர் (உள் மென்பொருள்) அப்டேட் வருவதில்லை. பிரவுசரில் பார்க்க ஆக்டிவ்எக்ஸ் என்ற பழைய துணை மென்பொருள் வேண்டும். அதைத் தாங்கிய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூனில் ஆதரவு நின்றுவிட்டது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்கை அறியாத மாடல்களும் உண்டு. உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பின்னுக்குப் போய்விடும். தவறான தேதி போட்ட ஃபுட்டேஜை நம்பவைப்பது கடினம். எச்டி தேவையே இல்லாத இடத்தில்கூட இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

வாங்கியதும் விட்டதும்

முடிவான பட்டியல் சிறியது: ஒவ்வொரு சேனலிலும் முழு 1080பி 15 ஃபிரேம் பதியும் எட்டு சேனல் கலப்பு டிவிஆர், படத்தை இன்னும் சிறிதாகச் சுருக்கும் எச்.265 வசதியோடு. 1080பி கேமரா இரண்டு. 6 டிபி கண்காணிப்பு வகை ஹார்ட் டிஸ்க். கேட்டுக்கு 0.75 ஜோடி 60 மீட்டர். ஏற்றுமிடத்துக்கு விளக்கு ஒன்று. கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்க 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்று. மற்ற ஆறு கேமராக்களும் பழையவையே.

டிஸ்க் ஏன் 6 டிபி? ஆறு பழைய கேமரா தலா 1 எம்பிபிஎஸ், இரண்டு எச்டி தலா 4. மொத்தம் 14 எம்பிபிஎஸ், நாளுக்கு 151 ஜிபி, 30 நாளுக்கு 4.5 டிபி. பின்னாளில் எட்டும் 1080பி ஆனாலும் எச்.265-இல் தலா 2 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 173 ஜிபி. 6 டிபி 34 நாள் தாங்கும். டிவிஆர் எத்தனை டிபி வரை ஏற்கும் என்பதை வாங்குமுன் விவரத்தாளில் பார்த்துவிட வேண்டும். கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்கைப் போடுவது வீண் சிக்கனம்: இரவு பகலாக எட்டு ஓட்டங்களை எழுதுவதற்கு அது செய்யப்படவில்லை. கண்காணிப்பு டிஸ்க் என்று தனியாக வருபவை அந்தச் சுமைக்கானவை. டிவிஆரோடு வரும் அடாப்டரையும் பாருங்கள். பெரிய 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கலாம். அடாப்டர் 1.5 ஆம்பியர் என்றால் டிஸ்க் டிக் டிக் என்று தட்டிக்கொண்டு, டிவிஆர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். டிவிஆருக்குக் கேமரா எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கரண்ட் எடுக்கவும் கூடாது. கேட் கேமராவில் ஷார்ட் ஆனால் பதிவும் சேர்ந்து நிற்கும்.

மாற்றும் நாளின் கவனங்கள்

பழைய டிஸ்கைக் கழற்றிப் புது டிவிஆரில் போடவே கூடாது. புது டிவிஆருக்கு அதன் அமைப்பு புரியாது. ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும், ஆம் என்றால் திருட்டின் ஃபுட்டேஜும் போய்விடும். தேவையான பகுதிகளைப் பழைய டிவிஆரிலேயே பென் டிரைவில் எடுத்து, அதற்கான பிளேயரையும் சேர்த்து வைக்க வேண்டும். பென் டிரைவ் ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. நீண்ட பகுதியைத் துண்டு துண்டாக எடுக்கவும்.

புது கேமராவில் அடிக்கடி நேரும் தவறு: டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி, பழைய அனலாக் என்று மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் கேபிளிலேயே இருக்கும். பொருத்தும்போது அது அழுந்தி அனலாக் முறைக்குப் போய்விட்டால் படம் வரத்தான் செய்யும், 960எச்-ஆக. டிவிஆரின் சேனல் தகவல் பக்கத்தில் 1080பி 25 என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகே ஏணியை எடுக்க வேண்டும்.

மெனுவில் மாற்றியவை: லைட் முறை ஆஃப். இரண்டு எச்டி சேனலும் 1920×1080, 15 ஃபிரேம், உச்ச வரம்பு 4 எம்பிபிஎஸ், ஐ-ஃபிரேம் (முழுப் படமாக எழுதப்படும் ஃபிரேம்) இடைவெளி 30 ஃபிரேம். எச்.265+ போன்ற தானாகக் குறைக்கும் முறைகளை ஏற்றுமிடத்துக்கு ஆஃப் செய்திருக்கிறது: அசையாத காட்சியில் அவை நிறைய மிச்சம் பிடிக்கும், ஆனால் திடீரென ஆள் நுழையும் அந்த நொடிகளில் வரம்பு போதாமல் முகம் பூசினாற்போல ஆகலாம். டிஸ்க் நிறைந்தால் பழையதன்மேல் எழுதும் ஓவர்ரைட் ஆன். டிஸ்க் எரர், வீடியோ லாஸ் இரண்டுக்கும் பஸ்ஸர் ஆன். நேரம், இணையத்திலிருந்து கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி வழியாக. பாஸ்வேர்டு புதிது, ரூட்டரில் போர்ட் திறப்பு இல்லை.

ஏற்றுக்கொள்ளும் சோதனை

இருட்டிய பின் ஒருவர் தொப்பியோடும் தொப்பியில்லாமலும், கையில் பெட்டியோடு, சாதாரண வேகத்தில் ஏற்றுமிடத்தைக் கடக்க வேண்டும். லைவைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. பதிவைப் பென் டிரைவில் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, நிறுத்தி, முகத்தின் அகலத்தைப் பிக்சலில் எண்ண வேண்டும். 40-க்குக் குறைந்தால் அகலமோ, செட்டிங்கோ எங்கோ தவறியிருக்கிறது. 40-க்கு மேல் இருந்தும் முகம் மங்கினால் ஷட்டரையும் விளக்கையும் பார்க்க வேண்டும். அதே சோதனை கேட்டில், ஐஆர் எரியும் நேரத்தில், குறைந்தது அரை மணி நேரத் தொடர் பதிவோடு.

ஒரு வாரம் கழித்து முதல் நாளின் பதிவு எல்லாச் சேனலிலும் இருக்கிறதா என்று பார்த்து, அதுவரை எத்தனை ஜிபி எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாளுக்கு 151 ஜிபி என்ற கணக்கோடு ஒப்பிட வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு சேனல் சொன்னபடி பதியவில்லை. முப்பது நாள் கடக்கும் வரை பழைய டிவிஆரும் அதன் டிஸ்கும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். மீதமுள்ள ஆறு கேமராக்களில் எது முதலில் பழுதாகிறதோ அந்த இடத்துக்கு 1080பி போடலாம். டிவிஆர் அதற்குத் தயாராக இருக்கிறது. அதற்கு முன்பே ஒன்றை மாற்றும் எண்ணமிருந்தால் உள் கதவையும் பில் மேசையையும் விட்டுவிட்டு, அடுக்குகளில் ஏற்றுமிடத்தை ஒட்டிய கேமராவிலிருந்து தொடங்குங்கள். பெட்டி எடுத்துக்கொண்டு வெளியேறுபவர் ஏற்றுமிடத்துக்கு முன் கடந்தாக வேண்டிய வழி அதுதான்.